மூன்றாம் வரிசைக்கு அடித்த வெயில்

போடிநாயக்கனூரில் ரயிலடிக்குப் போகும் சாலையில் இருக்கும் ஏலக்காய் கோடவுனில், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து காய் பொறுக்கும் பதினான்கு பெண்களில் ஒருத்தியான ஒச்சம்மாளுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கதிர் வைக்கத் தொடங்கிய இரண்டாவது நாள், காலை பதினொன்றேகால் மணிக்கு, மீதிப் பதின்மூன்று பேருக்கும் இடது நெஞ்சில் வெயில் அடித்தது. கோடவுனில் ஜன்னல் கிடையாது, மேலே தகரக் கூரை, வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கூரைக்கு மேலேயே நின்றுவிடும். இருந்தாலும் அடித்தது. கழுத்தெலும்புக்குக் கீழே, ரவிக்கைக்கு உள்ளே, ஒரு கை அகலத்தில் சதுரமாக விழுந்து, ஒன்றரை நிமிடம் காய்ந்து, விளக்கை அணைத்ததுபோல அணைந்தது.

பெருமாயிதான் முதலில் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, ரவிக்கைக்குள்ள யாரோ அடுப்பு மூட்டுன மாதிரி இருக்கு. எனக்கு மட்டுமா?"

"எனக்குந்தான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள். வரிசையின் கடைசி வரைக்கும் போய்விட்டு வந்தது அந்தப் பேச்சு. யாரோ மணி பார்த்தார்கள். ஒச்சம்மாள் தனக்குப் பதினொன்றேகாலுக்குக் கதிர் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் முழங்கால் முட்ட உட்கார்ந்து, ஒரே சாக்குப் படுதாவில் கைபோட்டுப் பொறுக்கி, ஒரே தூக்குவாளியில் சோறு பகிர்ந்து தின்ற பிறகு ஒருத்தியை மட்டும் சுடு என்றால் நெருப்புக்கு எப்படித் தெரியும் என்று பெருமாயி கேட்டாள். அதற்கு மேல் காரணம் யாரும் தேடவில்லை, ஏலக்காய் நிறையக் கிடந்தது.

மதுரையில், நாலடி கனச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த வெயிலுக்குப் பட்டனை அமுக்கியவள், அந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தியான அங்கம்மாளின் மகள் நாகஜோதி.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். கதிர்சிகிச்சைப் பிரிவில் டெக்னீசியனாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவாள். அம்மா என்ன செய்கிறார் என்று சேர்ந்த முதல் வாரம் சீனியர் ஜெபராஜ் கேட்டபோது, "ஸ்பைசஸ் பிசினஸ் சார்" என்று அவள் வாயில் வந்துவிட்டது. அது பொய்யில்லை என்று அன்றைக்கெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஜெபராஜ் வீட்டில் பிரியாணி என்றால் "உங்க அம்மாட்ட சொல்லி நல்ல ஏலக்காயா வாங்கித் தாம்மா" என்பார், அவள் சிரித்துவைப்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை, அறுவை முடிந்து இடது மார்பு எடுக்கப்பட்ட ஒச்சம்மாள், பச்சை அங்கியைப் பின்புறம் முடிச்சுப்போடத் தெரியாமல் கையால் பிடித்தபடி மெஷின் அறைக்குள் வந்தாள். நாகஜோதியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஏத்தா ஜோதி. அங்கம்மா மகதான நீ. இங்கயா இருக்க?"

ஜெபராஜ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தார். ஒச்சம்மாளின் நகக்கண்ணெல்லாம் காயின் பச்சை ஏறிக் கறுத்திருந்தது. அங்கம்மாளுக்கும் அப்படித்தான். நாகஜோதி கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே, "பேர் சொல்லுங்கம்மா. வயசு?" என்றாள்.

ஒச்சம்மாள் அவள் முகத்தையும் ஜெபராஜ் முகத்தையும் பார்த்தாள். பிறகு பேரையும் வயதையும் சொல்லி, மேசைமேல் ஏறிப் படுத்து, சொன்னபடி இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளும் நாகஜோதியை "பாப்பா" என்றுதான் கூப்பிட்டாள், ஆஸ்பத்திரியில் எல்லா நர்சுகளையும் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி.

ஊரில் அந்த வெயில் தினப்படி வழக்கமாகிவிட்டது. முதலாளி வந்து பார்த்தார், ஆளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றாம் வரிசைக்கு மட்டும் தேநீர் இடைவேளையைப் பதினொன்றிலிருந்து பதினொன்றேகாலுக்கு மாற்றிவைத்தார். அந்த ஒன்றரை நிமிடம் பதின்மூன்று பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வரிசைகளில் ஓரத்தில் இருந்தவர்களுக்கு லேசாக வெதுவெதுத்தது, அதற்கு அப்பால் யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த ஓரத்திலும், போன மாதம் சேர்ந்த புதுப்பெண்ணுக்கு வெறும் குறுகுறுப்புதான். ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் கம்பத்துக்கு வாக்கப்பட்டுப் போன வேலுத்தாயி அங்கிருந்து போன் போட்டு, "அக்கா, அங்க யாருக்கு என்ன ஆச்சு? எனக்கு இங்க நெஞ்சு காயுது" என்று கேட்டாள். மத்தியானத்துக்கு மேல் வரிசை முழுக்க அசதி வந்தது, நாக்குக்கு உப்பு தெரியவில்லை, ஏலக்காய் வாசனை அவர்களுக்கு மட்டும் காணாமல் போனது. கற்றாழைச் சாற்றைப் பூசிக்கொள்ளலாம் என்று ஒருத்தி சொன்னாள், ஒச்சம்மாளுக்கு டாக்டர் எதையும் பூசக்கூடாது என்றிருக்கிறார், அவளுக்கு இல்லாதது நமக்கு எதற்கு என்று இன்னொருத்தி சொன்னாள், அதனால் யாரும் பூசவில்லை. தோலில் சதுரம் கறுத்து விழுந்தது. சந்தேகப்பட்ட புருஷன்மார் இரண்டு பேரைக் கோடவுன் வாசலுக்கு வரவழைத்து, பதின்மூன்று சதுரத்தையும் நீங்களே எண்ணிக்கொள்கிறீர்களா என்று பெருமாயி கேட்டாள். அவர்கள் போய்விட்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கம்மாள் தன் சதுரத்தை மகளிடம் காட்டினாள். அது இருக்கவேண்டிய இடத்தில், டாக்டர் கோடு போட்ட அளவில், அச்சாக இருந்தது. நாகஜோதிக்குப் பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை, நல்ல மதிப்பெண் வந்த தாளைப் பார்ப்பதுபோல ஒரு நிம்மதி இருந்தது.

"ஒச்சம்மா சொல்லுச்சு, நீ அங்க தாயா பாத்துக்கிறயாம்ல" என்றாள் அங்கம்மாள்.

நாகஜோதி தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஒச்சம்மாளின் தெருவில் ஒரு சாவு. மதுரையிலிருந்து வந்த கையோடு அவள் கேதவீட்டுக்குப் போனாள். கேதவீட்டுக்குப் போய்விட்டுத் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் வர முடியாது. நெஞ்சில் தண்ணீர் படாமல் ஊற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள், ஆனால் ஊற்றிவிட்டது ஒரு சொந்தக்காரி, பெரிய குடத்தில். கதிர் எங்கே விழவேண்டும் என்று டாக்டர் தோலில் மையால் போட்டுவைத்த கோடு கரைந்து போனது. அழிந்தால் வந்து சொல்லவேண்டும், திரும்ப வரைய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். திரும்ப வரைவதென்றால், இல்லாத மார்பைத் திறந்துபோட்டு, ஆம்பிளை டாக்டர் முன்னால் முக்கால் மணி நேரம் படுக்கவேண்டும். அதற்குப் பதிலாக அவள் மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து, கண்ணாடி முன் நின்று, கழுத்தெலும்பிலிருந்து மூன்று விரல் என்று மனதில் இருந்த கணக்கை வைத்து, கோடவுனில் சாக்குக்கு நம்பர் போடுகிற மையால் தானே சதுரத்தை வரைந்துகொண்டு பஸ் ஏறினாள்.

நாகஜோதி அங்கியை விலக்கியதுமே அந்த மையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி மை ஊதா, நாள் ஆக ஆகப் பழுப்பாகும். இது கெட்டியான நீலக்கறுப்பு, ஓரத்தில் மண்ணெண்ணெய் வாடை. அவளுடைய பள்ளிக்கூடத்துத் தகரப்பெட்டியில் பெயர் எழுதியிருந்தது இதே மையில்தான். உலகத்தில் இந்த மையைப் பார்த்ததும் இன்ன இடத்து மை என்று சொல்லக்கூடிய டெக்னீசியன் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். "கோடு அழிஞ்சிருச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஜெபராஜ் கேட்பார். அவள் ஒச்சம்மாளைப் பார்த்தாள். ஒச்சம்மாள் கூரையைப் பார்த்தாள். இருவருக்கும் தெரிந்தது, ஒருவரையொருவர் தெரியாதவர்கள் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நாகஜோதி வெளிச்சத்தைச் சதுரத்துக்குச் சரியாகப் பொருத்திவிட்டு வெளியே போய்ப் பட்டனை அமுக்கினாள். வியாழனும் அப்படி. வெள்ளியும் அப்படி.

அந்த ஞாயிறு அங்கம்மாள் அடுப்படியில் நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க வாடி. இதென்ன ரெண்டாவதா ஒண்ணு முளைக்குது?"

பழைய சதுரத்தின் மேல் இன்னொரு சதுரம் ஏறிக்கிடந்தது, ஒரு சீட்டின் மேல் இன்னொரு சீட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்த மாதிரி. ஒச்சம்மாளின் தோலில் இது தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆகும். அவளுக்கு முன்னால் மற்றவர்களின் தோல் சொல்லிவிட்டது.

"அம்புட்டுப் பேருக்கும் வந்திருக்கு" என்றாள் அங்கம்மாள். "கதிரு மேல நகருதுபோலன்னு பெருமாயி சொன்னா. நோவு மேல ஏறுதாம், டாக்டரு வெரட்டிப் பிடிக்கிறாராம். நான் சொன்னேன், எங்க ஜோதி அங்க இருக்கா, கண்டபடி நகர விடமாட்டான்னு."

நாகஜோதி விரலை வைத்து அளந்தாள். இரண்டு விரல். எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மா பரணில் இருந்த பானையை எடுக்க இடது கையைத் தூக்கியபோது புரிந்தது. கை மேலே போகப் போகத் தோல் இழுபட்டு, இரண்டு சதுரமும் தோளை நோக்கி ஏறின. டாக்டர் கையைத் தூக்கவைத்து வரைந்திருந்தார். ஒச்சம்மாள் கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடி முன் வரைந்திருக்கிறாள். மேசையில் படுத்துக் கையைத் தூக்கும்போது அவள் வரைந்த சதுரம் மேலே ஓடிவிடுகிறது. அப்படியென்றால் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு, நோவு திரும்பி வரக்கூடிய இடத்தில், மூன்று நாளாகக் கதிரே படவில்லை.

திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்று போனாள். திங்கட்கிழமை ஜெபராஜுக்குப் பிறந்தநாள், கேக் வெட்டினார்கள். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மேசையில் படுத்திருந்த ஒச்சம்மாள், கையைத் தூக்கி வைத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"பாப்பா, சரியாத்தான விழுது?"

"சரியாத்தாம்மா இருக்கு" என்றாள் நாகஜோதி.

அந்தச் சொல் வாயை விட்டுப் போனபின் அவள் பட்டன் இருக்கும் இடத்துக்கு நடந்தாள். நடந்தாள். அமுக்கினாள். கேமராத் திரையில் ஒச்சம்மாள் அசையாமல், சொன்ன சொல்லை நம்பிப் படுத்திருந்தது தெரிந்தது. விடுதிக்குப் போய் நாகஜோதி சட்டையைத் திறந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். மூன்று கோடை விடுமுறைக்கு அவளும் அந்த வரிசையில் உட்கார்ந்து காய் பொறுக்கியிருக்கிறாள். அவள் நெஞ்சில் எதுவும் இல்லை, சுத்தமாக இருந்தது.

புதன்கிழமை காலை, முதல் நோயாளி வருமுன், கோடு போட்ட டாக்டர் இம்மானுவேல் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து நாள் தவறான இடத்தில் விழுந்ததைச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். போடியில் அம்மா நெஞ்சில் பார்த்தேன் என்றாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்களே. ஒரு இடத்துல கதிர் பட்டா, படாத செல்லும் பட்டதாட்டம் நடந்துக்கும். அடிபட்ட செல் பக்கத்துல இருக்கறதுக்குச் சொல்லும், ரத்தத்துலயும் சேதி போகும். தூரத்துல இருக்கற திசு சோர்ந்துபோறது உண்டு. எப்பவாவது தூரத்துல இருக்கற கட்டி சுருங்கறதும் உண்டு."

"அது ஒரே உடம்புக்குள்ள, சார்."

"ஆமா" என்றார் டாக்டர். பேனாவைத் திரும்பத் திறந்தார். "எத்தனை பேர்?"

"பதிமூணு. கம்பத்துல ஒருத்தர்."

"எங்க விழுந்துச்சுன்னு துல்லியமாத் தெரியாம நான் மீதியைக் கணக்குப் போட முடியாது. விரல் கணக்கு உதவாது. அவங்களை வரச்சொல்லுங்க. அதுவரைக்கும் கதிர் வேண்டாம்."

ஒச்சம்மாளிடமும் அவளே போய்ச் சொன்னாள். ஒச்சம்மாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

"மை போட்டது நான்" என்றாள் பிறகு. "அந்த டாக்டரு முன்னால திரும்பப் படுக்க எனக்கு வெக்கம். ஒனக்கு என்னத்தா வெக்கம்?"

பதிலுக்குக் காத்திராமல் ஒச்சம்மாள் பஸ்ஸுக்கு எழுந்து போனாள்.

சனிக்கிழமை, ஆறு மணி பஸ்ஸில், மூன்றாம் வரிசை மதுரைக்கு வந்தது. முதலாளி அன்று வரிசைக்கு லீவு விட்டிருந்தார். வேலுத்தாயி கம்பத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். ஒச்சம்மாளை விட்டுவிட்டு, வேலுத்தாயியையும் சேர்த்துப் பதினான்கு பேர், எல்லோரும் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார்கள். கதிர்ப் பிரிவு வராந்தா முழுக்க ஏலக்காய் மணத்தது, அவர்களுக்கு மட்டும் அது தெரியவில்லை. திரை மறைவில், அளவெடுக்கிற அம்மா ஒருவர் ஸ்கேலை வைத்துக்கொண்டு நிற்க, ஒவ்வொருத்தியாகப் போய், ரவிக்கைக் கொக்கியைக் கழற்றி, இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அளவைச் சொல்லச் சொல்ல எழுதும் வேலை நாகஜோதிக்கு.

"எனக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருசம்" என்றாள் பெருமாயி, கையைத் தூக்கியபடி. "எங்க வீட்டு ஆளுக்கே இம்புட்டு வெளிச்சத்துல காட்டுனதில்ல. நல்லா எழுதிக்கடி ஜோதி, ஒரு நூல் கூடக் கொறையப் போகுது."

யாரோ சிரித்தார்கள். ஜெபராஜ் கதவுக்கு வெளியே நின்று, "இவங்கள்லாம் யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க அம்மா கூட ஏலக்காய் பொறுக்கறவங்க சார்" என்றாள் நாகஜோதி. "அம்மாவும் பொறுக்கறாங்க. கூலிக்கு."

கடைசியாக அங்கம்மாள் வந்தாள். கொக்கியைக் கழற்றியதும் வலது கையைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். மகள் முகத்தை அவள் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தபடி நின்றாள். சதுரம் நகர்ந்தது இரண்டு புள்ளி ஆறு சென்டிமீட்டர் என்று ஸ்கேல் பிடித்த அம்மா சொன்னார். நாகஜோதி எழுதினாள். பதினான்கு பேருக்கும் அதே அளவுதான். தப்பு எல்லோரிடமும் ஒரே மாதிரி, துல்லியமாக இருந்தது.

டாக்டர் அன்று சாயங்காலமே கணக்குப் போட்டார். விடுபட்ட கீழ்ப்பட்டைக்குத் தனியாக ஐந்து நாள், பிறகு பழைய கோட்டில் மீதி. மேலே கூடுதலாக வாங்கிய இடம் புண்ணாகும், ஆறிவிடும். கீழ்ப்பட்டைக்குக் கதிர் இடையில் நின்றுபோனதற்கு ஏதாவது விலை உண்டா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள். அவள் கோடு போட்டுக்கொள்ள அன்றைக்கே படுத்தாள், அளவெடுக்கிற அம்மாதான் வரைந்தார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு விசாரணை. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள், நாகஜோதிக்கு நாற்காலி இருந்தது, அவள் உட்காரவில்லை. எழுதிக் கொண்டுவந்ததை வாசிக்கச் சொன்னார்கள். மை, தேதி, எத்தனை நாள், எப்போது தெரியும், தெரிந்தபின் எத்தனை நாள் பேசாமல் இருந்தாள், நோயாளி நேராகக் கேட்டபோது என்ன பொய் சொன்னாள், எல்லாம் வாசித்தாள். கடைசி வரி இது: "அவர் என் தாயாருடன் வேலை பார்ப்பவர். சிறுவயது முதல் சின்னாத்தா என்று கூப்பிட்டு வளர்ந்தேன். முதல் நாள் அவரை எனக்குத் தெரியாதது போல நடந்துகொண்டேன். அதனால்தான் கேட்கவில்லை."

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கடைசி வரி வேண்டாம்மா. இது சம்பந்தமில்லாதது. அடிச்சிடுங்க."

"அதுதான் சார் சம்பந்தம்" என்றாள். அடிக்கவில்லை. அந்த வரியை வாசித்தபோது கழுத்திலிருந்து காது வரை, நெற்றி வரை, மயிர்க்கால் வரை அவளுக்குப் பற்றி எரிந்தது. இரண்டு மாதம் மெஷின் பக்கம் வரக்கூடாது, அதற்கு மேல் இருப்பதா போவதா என்று பிறகு சொல்வோம் என்றார்கள். பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

கோடவுனுக்குள் அவள் நுழைந்தபோது மூன்றாம் வரிசை முழுவதும் முகம் சிவந்து, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தது. கீழ்ப்பட்டைக்கான கதிர் மறுநாள்தான் தொடங்குவதால் ஒச்சம்மாளும் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகமும் அப்படித்தான் இருந்தது.

"பத்தே முக்கால்ல இருந்து இதான் கதை" என்றாள் பெருமாயி. "நெஞ்சு இல்ல இப்ப, மூஞ்சி. காதெல்லாம் கொதிக்குது. மெஷினு கெட்டுப்போச்சா அங்க?"

"இது கதிரு இல்ல" என்றாள் ஒச்சம்மாள். "கதிரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல. இது வெக்கம்."

"வெக்கம்னு தெரிஞ்சுபோச்சு, யாருதுன்னு தெரியல" என்றாள் பெருமாயி. "அதனால ஆளாளுக்கு நம்ம என்னத்தப் பண்ணித் தொலைச்சோம்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டோம். நான் போய் ரெண்டாம் வரிசைக்காரிகிட்ட, போன வருசம் ஓம் முறத்த ஒளிச்சு வச்சது நாந்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். இவ அவ மாமியாளுக்குப் போன் போட்டா. ஒங்காத்தா என்னமோ காலைல இருந்து வாயே தெறக்கல."

அங்கம்மாள் காயைப் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஸ்கேலு வைக்கையில, எம்மக எம்மூஞ்சிய எப்படிப் பாக்கும்னு இல்ல நான் நெனச்சது. இந்தக் கறுத்த கைய அங்க யாரும் பாத்துறக் கூடாதேன்னுதான் நெனச்சேன்."

பதினான்கு முகமும் காய்ந்துகொண்டிருந்தன. நாகஜோதி நின்ற இடத்திலிருந்து, "என்னுதுதான்" என்றாள். "அம்புட்டும் என்னுதுதான், சின்னாத்தா."

ஒச்சம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கோபம் தீர்ந்ததாகத் தெரியவில்லை, தீர்க்க அவசரப்பட்டதாகவும் தெரியவில்லை.

"அம்புட்டும் இல்ல" என்றாள். "கொஞ்சம் எங்களுது."